மீன் ஸ்டாக் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கலாம்

ராமநாதபுரம் கடற்கரையில் மீன் தலைக்கும் நடுமுள்ளுக்கும் பஞ்சமே கிடையாது. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எங்கே மீன் வாங்கினாலும், வெட்டிக் கொடுப்பவரிடம் "அண்ணே, தலையையும் நடுமுள்ளையும் தனியாப் போட்டுக் குடுத்துருங்க" என்று சொன்னால் போதும். அதை வைத்து வீட்டிலேயே ஸ்டாக் (தலையையும் முள்ளையும் வேகவைத்து வடித்த சாறு) காய்ச்சிப் பார்க்கிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்த பழக்கத்தை அப்படியே மீனுக்குக் கொண்டுவருகிறார்கள். குக்கர், எட்டு விசில், அண்டா நிறையத் தண்ணீர், மதியம் வரை கொதி. மீன் முள்ளுக்கு இது எதுவும் ஒத்துவராது. மீனில் இருக்கிற கொலாஜன் என்ற புரதம், ஆட்டெலும்பில் இருப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அரை மணி நேரத்தில், பெரிய தலை என்றால் முக்கால் மணி நேரத்தில், தர வேண்டியதை எல்லாம் தந்துவிடும். அதற்கு மேலும் அடுப்பில் விட்டால் வேண்டாததுதான் இறங்கும்.

கோளாறுகளுக்குப் போவதற்கு முன் அடிப்படை அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ தலை, முள்ளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். அதாவது முள்ளுக்கு மேல் இரண்டு விரல் நிற்க வேண்டும். பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, அரை டீஸ்பூன் முழு மிளகு, ஒரு கைப்பிடி மல்லித்தண்டு. உப்பு வேண்டாம். எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு மிதமான தீயில் வையுங்கள். நுரை திரளத் திரள அகப்பையால் எடுத்துவிட்டு, தளபுளவென்று கொதி வருவதற்கு முன்பே தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். அதிலிருந்து நேரம் கணக்கு: காரல், கிழக்கான் மாதிரி மெல்லிய மீன் என்றால் 15 முதல் 20 நிமிடம், நகரை, நடுத்தர விளைமீன் என்றால் 25 முதல் 30, கலவா, பாறை, கொடுவா போன்ற பெரிய தலைகளுக்கு 40, மிஞ்சினால் 45. அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் தெளிய விட்டு வடிகட்டுங்கள். அவ்வளவுதான் வேலை.

இனி உங்கள் சட்டியில் எது தவறியதோ அந்தப் பகுதியைப் பாருங்கள். கசப்பு, கவிச்சி இரண்டையும் மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். சாற்றை முழுசாகக் கொட்ட வைப்பவை பெரும்பாலும் அந்த இரண்டுதான்.

கலங்கி, வெளுத்துப் போயிருக்கிறது

கொதிக்க விட்டுவிட்டீர்கள். சூடு ஏறும்போது மீனின் ரத்தத்திலும் சதையிலும் உள்ள புரதம் நுரையாகத் திரண்டு மேலே வரும். அந்த நேரம் தண்ணீர் குதித்தால் நுரை உடைந்து பொடிப்பொடியாகச் சாற்றுக்குள்ளேயே கலந்துவிடும். முள்ளில் ஒட்டியிருக்கிற கொழுப்பும் சேர்ந்து சிதறும். அதன் பிறகு எத்தனை மடிப்புத் துணியில் வடித்தாலும் முழுத் தெளிவு வராது. கரண்டியை விட்டு அடிக்கடி கிளறினாலும் இதே கதிதான். ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று குமிழ் வந்து போனால் போதும். மேற்பரப்பு லேசாக நடுங்க வேண்டும், புரளக் கூடாது.

குக்கரில் வைத்தவர்களுக்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு விசிலிலும் உள்ளே அழுத்தம் திடீரென்று இறங்கி, தண்ணீர் பொங்கிக் கொதிக்கிறது. அதோடு அந்தச் சூட்டில் மெல்லிய முள் கரைந்து மாவாகிவிடும்.

கலங்கியதைத் தெளிய வைக்க வழி இருக்கிறது. சாற்றை நன்றாக ஆறவைத்து, லிட்டருக்கு இரண்டு முட்டை வெள்ளைக்கருவை லேசாக அடித்துக் கலந்து, மிகச் சிறு தீயில் ஏற்றுங்கள். வெள்ளைக்கரு வெந்து மேலே ஏடாகத் திரளும்போது கலங்கலையும் பிடித்துக்கொண்டு வரும். ஏட்டைக் கலைக்காமல் ஓரத்தில் ஓட்டை போட்டு, அடியில் உள்ள சாற்றை முகந்து வடிகட்ட வேண்டும். ஆனால் இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று யோசியுங்கள். தெளிந்த சூப்பாகக் கிண்ணத்தில் ஊற்றித் தருவதாக இருந்தால் சரி. தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதியோ, மசாலா அரைத்து மீன் ஆணமோ வைக்கப் போகிறீர்கள் என்றால் கலங்கல் ஒரு குறையே இல்லை. வாசமும் ருசியும் நன்றாக இருந்தால் அப்படியே ஊற்றுங்கள்.

கசக்கிறது

முதலில், எப்போது கசந்தது என்று பாருங்கள். அடுப்பில் ஏறிப் பத்து நிமிடத்திலேயே கசப்புத் தெரிந்தால் பித்தம் அல்லது செவுள். பாதி வரை நன்றாக இருந்து, கடைசியில் கசந்தால் நேரம் மிஞ்சியிருக்கிறது. அல்லது கூடப் போட்ட சாமான் ஏதோ கசந்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் நடுநடுவே ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தே ஆக வேண்டும்.

பித்தப்பை ஈரலை ஒட்டி இருக்கும் சின்னப் பை, பச்சையும் மஞ்சளுமாக. மீனை வயிறு கீறும்போது கத்தி ஆழமாக இறங்கினால் அது உடைந்து முள்ளிலும் வயிற்றுச் சதையிலும் வழியும். பச்சைக் கறை படிந்த இடம் தெரிந்தால் கழுவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்தத் துண்டையே வெட்டி எறியுங்கள். ஒரு துண்டு போனால் போகட்டும். அதைச் சட்டிக்குள் விட்டால் ஒன்றரை லிட்டரும் போகும். பித்தம் ஏறிய சாற்றுக்கு வைத்தியம் இல்லை. சர்க்கரை, தேங்காய்ப்பால், புளி எதுவும் அதை மறைக்காது. கொட்டிவிடுங்கள்.

செவுள் விஷயத்தில்தான் புதியவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெட்டிக் கொடுப்பவர் செதிலும் குடலும் எடுத்திருப்பார்; தலை வேண்டும் என்று கேட்டால் தலையைப் பிளந்தும் கொடுப்பார். அவசரத்தில் செவுள் உள்ளேயே இருந்துவிடும். குழம்பு மீன் தலையில் கொஞ்சம் செவுள் தங்கினால் காரமும் புளியும் அதை அமுக்கிவிடும். வெறும் தண்ணீரில் காய்ச்சுகிற ஸ்டாக்கில் எதுவும் அமுங்காது. மீன் மூச்சு விடும் இடம் அது. ரத்தமும், கடலில் மிதந்த அழுக்கும் அங்கேதான் தேங்கும். கெட்டுப்போவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

எடுக்கிற விதம்: தலையை இடது கையில் மல்லாக்கப் பிடித்து, செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்குங்கள். உள்ளே சிவப்புச் சீப்பு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அது மேலே தலையோட்டிலும் கீழே தாடையிலும், இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கும். கத்தரிக்கோலை விட்டு முதலில் கீழ் ஒட்டை வெட்டுங்கள், பிறகு மேல் ஒட்டை. ஒரே இழுப்பில் முழு அடுக்கும் கையோடு வரும். பெரிய கலவாத் தலை என்றால் செவுளின் உள்பக்கம் கூரான பற்கள் இருக்கும், கையைக் கிழித்துவிடும்; துணியைச் சுற்றிக்கொண்டு இழுங்கள். மறுபக்கமும் இப்படியே.

அடுத்தது நடுமுள். வயிற்றறையின் கூரையில், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்கும். மீன் வெட்டுபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடமாட்டார்கள். கத்தி முனையால் சவ்வை நீளவாக்கில் கீறி, ஸ்பூன் முனையால் சுரண்டி, இதற்கென்றே வைத்திருக்கும் டூத்பிரஷால் ஓடும் தண்ணீரில் தேயுங்கள். முள் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலை, கசப்பு, கவிச்சி, கலங்கல் மூன்றையும் ஒரே நேரத்தில் குறைக்கும். ஸ்டாக்கில் எந்த வேலையைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

கடைசியில் வருகிற கசப்பு வேறு மாதிரி. மீன் முள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்தால் சுண்ணாம்புச் சத்துச் சாற்றில் இறங்கி, நாக்கில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வறட்சி தரும். கூடவே எலுமிச்சைப் பழத்தைத் தோலோடு போட்டிருந்தால் தோலின் வெள்ளைப் பகுதி கசக்கும். வெந்தயம் போட்டிருந்தால் அதுவும். பூண்டோ வெங்காயமோ வதக்கும்போது கருகியிருந்தாலும் கசக்கும். இந்த வகைக் கசப்பு லேசாக இருந்தால் புளிக்குழம்பில் அமுங்கிப்போகும், வீணாக்க வேண்டாம். எலுமிச்சை வேண்டும் என்றால் அடுப்பை அணைத்தபின் சாறு மட்டும் பிழியுங்கள்.

கவிச்சி வீசுகிறது

நல்ல ஸ்டாக்கில் கடல் வாசம் இருக்கும், மீன் வாசமும் இருக்கும். மூக்கைச் சுளிக்க வைப்பது கவிச்சி. கடல் மீனின் சதையில் டிரைமெத்தில்அமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது, அதற்கு மணம் கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியா அதை டிரைமெத்தில்அமைனாக மாற்றுகிறது. நாம் மூக்கில் உணர்கிற வீச்சம் அதுதான். மீன் எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்ததோ அத்தனைக்கு வீச்சமும் கூடும்.

ஆக, முதல் காரணம் பழைய மீன். நம் பக்கம் இரவு வலை விட்டு விடியற்காலை கரை சேரும் நாட்டுப்படகு மீனும், கரைவலை மீனும் ஸ்டாக்குக்குத் தங்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் சந்தையில் வெளியூர் ஐஸ் மீன் நிறைய வரும். அப்போது தலை வாங்குகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். கண் குழிந்து வெளுத்திருந்தால் வேண்டாம். செவுள் செங்கல் நிறமாக மங்கியோ, பழுப்பாகவோ இருந்தாலும் வேண்டாம். கண்ணைவிடச் செவுளையும் மூக்கையும் நம்புங்கள், ஐஸில் நேராகப் பட்ட கண் புது மீனிலும் மங்கலாகத் தெரியும். தனியாகக் குவித்து வைத்திருக்கும் தலைகளில் மற்ற மீனின் ரத்தமும் ஊறியிருக்கும். முழு மீனாக வாங்கி வெட்டச் சொல்வதே மேல்.

இரண்டாவது காரணம் மீன் வகை. சாளை, சூடை, கும்புளா, சூரை எல்லாம் எண்ணெய் மீன்கள். குழம்புக்கும் பொரிப்பதற்கும் அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த எண்ணெய் சூட்டில் காற்றுப்பட்டுச் சீக்கிரம் காறிப்போகும், ஸ்டாக் முழுக்க அந்த வாடை ஏறும். சுறாவும் திருக்கையும் வேறு காரணத்துக்காக ஆகாது. அவற்றின் உடம்பில் யூரியா உண்டு. மீன் பழசாகும்போது அது அமோனியாவாக மாறி மூத்திர வாடை அடிக்கும். அவற்றைப் புட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளைமீன், கலவா, பாறை, கொடுவா, நகரை, கிழக்கான், காரல் — ஸ்டாக்குக்கு இவை போதும்.

மூன்றாவது, கழுவல். செவுளும் ரத்தக்கோடும் எடுத்தபின் கல்லுப்பு, மஞ்சள்தூள் போட்டு உரசிக் கழுவுவது நம் வீடுகளில் இருக்கிற பழக்கம்தான். அதற்குப் பிறகு இன்னும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்புக் கலந்து, தலைகளை அரை மணி நேரம் பிரிட்ஜில் ஊறவிடுங்கள். மிச்ச ரத்தம் தண்ணீரில் இறங்கிச் சிவக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, பிறகு சட்டியில் போடுங்கள். தோலில் வழவழப்பு அதிகமாக இருக்கிற மீன் என்றால் ஊறவைக்கும் முன் தலைகளின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஒருமுறை ஊற்றினால் வழவழப்பு வெள்ளையாகத் திரண்டு நிற்கும்; விரலால் தேய்த்தால் உரிந்து வந்துவிடும்.

ஏற்கெனவே காய்ச்சிவிட்டீர்கள், லேசாகத்தான் வீசுகிறது என்றால் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ உதவும். புளிப்பு அந்த டிரைமெத்தில்அமைனைப் பிடித்துக்கொண்டு ஆவியாக விடாது; ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. மீன் குழம்பில் புளி இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். கடுமையாக வீசினால் மசாலாவைக் கொட்டி மறைக்கப் பார்க்காதீர்கள். அது மூக்கை ஏமாற்றும், வயிற்றை ஏமாற்றாது.

சப்பென்று இருக்கிறது

தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு கரண்டிச் சாற்றைக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு சிட்டிகை உப்புக் கலந்து குடித்துப் பாருங்கள். உப்பில்லாத சாறு எப்போதுமே சப்பென்றுதான் இருக்கும். உப்புக் கலந்தபின் நன்றாக இருந்தால் ஒரு கோளாறும் இல்லை.

அப்படியும் தண்ணீராகத் தெரிந்தால், தண்ணீர் கூடிவிட்டது அல்லது முள் குறைந்துவிட்டது. முள்ளை வடித்து எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் அகலமான பாத்திரத்தில் ஊற்றி வற்ற வையுங்கள். முள்ளோடு சேர்த்து வற்ற வைத்தால் மேலே சொன்ன சுண்ணாம்பு வறட்சி வந்துவிடும். இங்கே நன்றாகக் கொதித்தாலும் பாதகமில்லை, வடித்தாகிவிட்டது. தலையைப் பிளக்காமல் முழுசாகப் போட்டிருந்தாலும் சாறு இறங்காது. பெரிய தலையை இரண்டாகவோ நாலாகவோ வெட்டித்தான் போட வேண்டும்.

கையில் முள் குறைவாக இருக்கிற நாளில் இறால் தலையையும் ஓட்டையும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் சிவக்க வறுத்துக் கூடப் போடுங்கள். இறால் உரித்தபின் அதைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அத்தனை ருசி அதில் இருக்கிறது.

உப்பே போடவில்லை, ஆனால் உப்புக் கரிக்கிறது

இது நம் மாவட்டத்துக் கோளாறு. வேறு ஊர்ச் சமையல் குறிப்புகளில் இதற்கு விடை கிடைக்காது. கடலோரத்து ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அதைப் பயன்படுத்திப் பழகிய கை, சட்டியிலும் அதையே ஊற்றிவிடும். ஒன்றரை லிட்டர் ஊற்றி ஒரு லிட்டராக வற்றினால் அதில் உள்ள உப்பும் ஒன்றரை மடங்கு செறிவாகும். குடிக்கும்போது பொறுத்துக்கொள்ளும்படி இருந்த தண்ணீர், ஸ்டாக்கில் கரிப்பது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் மீன் போடும் முன்பே சோதித்துவிடலாம். நீங்கள் ஊற்றப்போகிற தண்ணீரில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒரு டம்ளராகக் கொதிக்க வைத்து, ஆறியபின் குடித்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீர் ஸ்டாக்குக்கு ஆகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடு என்றால் அதையே ஊற்றுங்கள். இல்லையென்றால் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர். கழுவுவதற்குப் போர் தண்ணீர் போதும், கடைசி அலசலும் காய்ச்சலும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

இன்னொரு காரணம், உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு அலசாமல் போட்டிருப்பீர்கள். அல்லது கருவாட்டுத் தலை ஒன்றை ருசிக்கு என்று சேர்த்திருப்பீர்கள்.

கரித்த சாற்றில் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கும், அதனால் மீதிச் சாற்றின் கரிப்புக் குறையாது. நல்ல தண்ணீர் ஊற்றி நீர்க்க வைப்பது ஒன்றுதான் வழி. அல்லது குழம்பில் உப்பே போடாமல் இந்தச் சாற்றையே உப்புக்கும் சேர்த்துக் கணக்கு வையுங்கள். உப்பில்லாத தேங்காய்ப்பால் பாதி, இது பாதி என்று கலந்தால் சொதி அளவாக இருக்கும்.

மேலே எண்ணெய் மிதக்கிறது

ஆட்டெலும்புச் சூப்பைப் பிரிட்ஜில் வைத்தால் கொழுப்புக் கெட்டியாக உறைந்து தகடாக எடுக்க வரும். மீன் எண்ணெய் அப்படி உறையாது, பிரிட்ஜிலும் இளகலாகவே கிடக்கும். அதனால் காத்திருக்க வேண்டாம். அடுப்பை அணைத்துத் தெளிய விட்ட பத்து நிமிடத்திலேயே அகப்பையின் ஓரத்தைச் சாய்த்து மேலோட்டமாக வழித்தெடுங்கள். மிச்சத்துக்கு ஒரு டிஷ்யூ தாளை மேற்பரப்பில் படியவிட்டு இழுத்தால் போதும். பாறை, கொடுவாவின் வயிற்றுப் பகுதியில் கொழுப்புத் திட்டுக்கள் இருக்கும், அடுத்த முறை வெட்டும்போதே நீக்கிவிடுங்கள்.

பிரிட்ஜில் வைத்தும் உறையவில்லை

ஜெல்லி போல உறைந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தலை, தோல், செட்டை இவற்றில்தான் கொலாஜன் அதிகம். வெறும் நடுமுள்ளில் காய்ச்சினால் தளதளப்பு வராது. கலவாத் தலையில் காய்ச்சியது நன்றாகவே உறையும். கொலாஜன் கரைந்து உண்டாகிற மீன் ஜெலட்டின் குறைந்த சூட்டில் இளகிவிடும் என்பதால், வெளியே எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீராகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ருசி நன்றாக இருந்தால் இதைக் கோளாறாகவே எண்ண வேண்டாம்.

சாம்பல் நிறம், அல்லது கறுப்பு

சில மீன்களின் வயிற்றறைக்குள் கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து உரித்துவிட வேண்டும், கசப்பும் கொஞ்சம் அதில் உண்டு. கணவாய்த் தலையை மைப்பை எடுக்காமல் போட்டாலும் சட்டி கறுக்கும். அலுமினியப் பாத்திரத்தில் புளியோ எலுமிச்சையோ ஊற்றிக் காய்ச்சினால் நிறமும் மாறும், உலோக ருசியும் ஏறும். எவர்சில்வரோ மண்சட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் என்றால் அடி கனமாக இருக்கட்டும். அடிப்பிடித்து நிறம் மாறியிருந்தால் சுரண்டாமல், மேல் சாற்றை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு ருசி பாருங்கள்.

சேற்று வாடை

கடல் மீனில் இது அபூர்வம். கண்மாய் மீனிலும் கழிமுகத்தில் பிடிக்கிற மடவையிலும் வரும். மழைக்காலம் முடிந்து ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய்களில் மீன்பிடி நடக்கும்போது கெண்டையும் விராலும் மலிவாக வரும். அவற்றின் முள்ளில் ஸ்டாக் வைக்கலாமே என்று தோன்றும். தண்ணீரில் உள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் இந்த வாடைக்குக் காரணம். புளிப்புப் பட்டால் அது சிதையும். புளித்தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அலசிவிட்டுக் காய்ச்சுங்கள். ஆனாலும் என் அபிப்பிராயம், கண்மாய் மீனைக் குழம்பாக வைப்பதே அதற்கு மரியாதை.

பல்லில் நறநறக்கிறது

மணல் அல்லது செதில். நண்டு ஓடு சேர்த்திருந்தால் நிச்சயம் மணல்தான். பழைய வேட்டித் துணியைத் துவைத்து, சோப்பு வாசம் போக வெந்நீரில் அலசி, நனைத்துப் பிழிந்து வடிகட்டியின் மேல் விரித்து ஊற்றுங்கள். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், தானாக இறங்கட்டும். அடியில் தங்கும் கடைசி இரண்டு கரண்டியை ஊற்றவே வேண்டாம்.

குடித்ததும் நாக்கு சுருக்கென்கிறது, முகம் சிவக்கிறது

இது சமையல் கோளாறு இல்லை, உடனே நிறுத்துங்கள். சூரை, கும்புளா, சாளை, வஞ்சிரம் போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மீன் கெட்ட வாடை அடிக்காமலும் இருக்கலாம். நாக்கில் மிளகு கடித்தது போலச் சுருக்கென்று இருக்கும். முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலியும் படபடப்பும் வரும். சாற்றைக் கொட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

உதடும் நாக்கும் மரத்துப்போனால் அதைவிட ஆபத்து. உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் விஷமும் கொதியில் அழியாது. மூச்சையே நிறுத்தக் கூடியது. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வலையில் கலந்து வந்த பொடி மீனை மலிவாகக் கூறு கட்டி விற்கும்போது அதில் பேத்தைக் குஞ்சும் கலந்திருக்கலாம். பெயர் தெரியாத மீனின் தலை எதுவும் உங்கள் சட்டிக்குள் போகக் கூடாது. தெரியவில்லை என்றால் விற்கிற அக்காவிடமே கேளுங்கள், கையில் எடுத்துக் காட்டிச் சொல்வார்.

மறுநாள் புளித்துவிட்டது, நுரைக்கிறது

ஆறவைத்த விதம் தவறு. நம் ஊர் வெயிலில் ஒரு பெரிய சட்டிச் சாறு அடுப்படியிலேயே ஆற மூன்று நாலு மணி நேரம் ஆகும். அந்த வெதுவெதுப்பில் பாக்டீரியா பல்கிப் பெருகும். ராத்திரி காய்ச்சி மூடி வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது மீன் சாற்றுக்கு ஆகாத காரியம். புளித்ததை மறுபடி கொதிக்க வைத்துப் பயன்படுத்தவும் கூடாது.

வடித்த உடனே சின்னச் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து, அகலமான தாம்பாளத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்துங்கள். அவ்வப்போது கரண்டியால் கலக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். மீன் கடையில் ஐஸ் கேட்டால் கிடைக்கும், ஆனால் அது பாத்திரத்துக்கு வெளியே மட்டும் இருக்கட்டும். மீன் பெட்டியில் போடுகிற ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, சாற்றுக்குள் ஒரு துண்டும் விழக் கூடாது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

பிரிட்ஜில் இரண்டு நாள். அதற்கு மேல் வேண்டும் என்றால் அன்றைக்கே பிரீசரில் வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். பாதியாக வற்ற வைத்து ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக எடுத்துக் கவரில் போட்டு, தேதியையும் மீன் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டால், குழம்புக்கு நாலு கட்டி, சொதிக்கு ஆறு கட்டி என்று எடுத்துப் போடலாம். கரண்ட் போய் நெடுநேரம் கழித்து வந்து, கட்டிகள் முழுசாக இளகி, தொட்டால் குளிர்ச்சியும் தெரியாவிட்டால் அவற்றை மறுபடி உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள்.